பட்டா யார் பேர்ல இருக்கு?

வருஷா வருஷம் மார்கழி கடைசியிலயோ தை மாசத்துலயோ திருவையாறுல தியாகராஜர் ஆராதனை நடக்கும்போது இங்க யாங்கூன்ல நாங்க நாலஞ்சு பேர் கரன்ட் இருக்கற நேரமா பாத்து யூடியூப்ல போட்டுக்கிட்டு உக்காருவோம். பஞ்சரத்ன கீர்த்தனை ஆரம்பிச்சதும் கூடவே முணுமுணுக்கறவங்க ஒண்ணு ரெண்டு பேர், மத்தவங்க எல்லாம் யார் என்ன பட்டுப்புடவை கட்டியிருக்காங்கன்னு பாத்துக்கிட்டு இருப்போம், பொய் சொல்லுவானேன். அங்க வரிசையா உக்காந்து பாடற பொம்பளைங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அந்த எடத்துல அவங்க உக்காரணும்னு ஒரு அம்மா வருஷக்கணக்கா மல்லுக்கட்டி இருக்காங்க. நிலத்தை வாங்கினது அந்த அம்மா. சமாதிக்கு மேல கோயில் எழுப்பினது அந்த அம்மா காசு. ஆனா கட்டி முடிச்சப்புறம் அவங்க அங்க பாடக்கூடாதுன்னுட்டாங்க.

பெங்களூர் நாகரத்தினம்மா. 1878ல நஞ்சன்கூடுல பொறந்தவங்க, தேவதாசி குடும்பம். சமஸ்கிருதம், கன்னடம், தெலுங்கு எல்லாம் படிச்சு, பாட்டு, நாட்டியம் ரெண்டுலயும் தேறி, மைசூர்லருந்து பெங்களூர், அப்புறம் மெட்ராஸ்னு வந்து அங்க கொடிகட்டிப் பறந்திருக்காங்க. மெட்ராஸ்ல வருமான வரி கட்டின முதல் பெண் கலைஞர் அவங்கதான்னு சொல்லுவாங்க. மத்தவங்க இதை ஒரு துணுக்குச் செய்தியா சொல்லிட்டுப் போயிடறாங்க, எனக்கு அதுதான் அவங்க வாழ்க்கையோட முக்கியமான வரியா தெரியுது. வரி கட்டறவங்க கையில ரசீது இருக்கும். ரசீது இருந்தா நாளைக்கு யாரும் வந்து நீ யாருன்னு கேக்க முடியாது.

நான் ஏன் இப்படி காகிதம் காகிதம்னு அலையறேன்னு கேட்டா, நீங்க பர்மாவுல பொறந்திருக்கணும். எங்க ஆளுங்ககிட்ட பட்டா, பத்திரம்னு பேச்செடுத்தாலே வயித்துல புளியைக் கரைக்கும். தாத்தா காலத்துல நிலம் போச்சு, அப்பா காலத்துல கடை போச்சு. 1964 மே மாசம் அம்பது கியாட், நூறு கியாட் நோட்டு ரெண்டும் செல்லாதுன்னாங்க, கடைங்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் போச்சு. கப்பல் ஏறினவங்க ஏறிட்டாங்க, ஏறாதவங்க பிள்ளைங்க நாங்க. அதனால யாரோட வாழ்க்கை வரலாறு படிச்சாலும் எனக்கு முதல்ல வர்ற கேள்வி எவ்வளவு நல்லா பாடினாங்க, ஆடினாங்கங்கறது இல்ல. அதெல்லாம்தான் ஆளாளுக்கு எழுதி வச்சிருக்காங்களே. வீடு யார் பேர்ல இருந்துச்சு, காசு யார் கையில இருந்துச்சு, செத்தப்புறம் அது எங்க போச்சு, இதைத்தான் தேடுவேன்.

சரி, நாகரத்தினம்மா. 1910ல முத்துப்பழனி எழுதின ராதிகா சாந்த்வனம்ங்கற காவியத்தை முழுசா பதிப்பிச்சாங்க. முத்துப்பழனி 18ம் நூற்றாண்டுல தஞ்சாவூர் அரசவையில இருந்த கவிஞர், அவங்களும் தேவதாசி, எழுதினது தெலுங்குல. பெரிய சீர்திருத்தவாதின்னு பேரெடுத்த வீரேசலிங்கம் அந்தப் புத்தகத்தை ஆபாசம்னு சொல்லியிருந்தார். இந்தம்மா விடல. ஆம்பளைக் கவிங்க இதைவிடப் பச்சையா எழுதினா மட்டும் பாடப்புத்தகத்துல வைப்பீங்களான்னு முன்னுரையிலேயே கேட்டுட்டாங்க. அடுத்த வருஷமே அரசாங்கம் தடை போட்டுடுச்சு. தடை நீங்கினது சுதந்திரத்தை ஒட்டி, மெட்ராஸ் மாகாண முதல்வரா இருந்த தங்குடூரி பிரகாசம் எடுத்த முயற்சியால. நடுவுல முப்பத்தஞ்சு வருஷம்.

அந்த நடுவுலதான் திருவையாறு வருது. அவங்க குரு பிடாரம் கிருஷ்ணப்பா அங்க போயிட்டு, தியாகராஜர் சமாதி கேட்பாரில்லாம கிடக்குன்னு கடிதாசி போடறார். அம்பது வயசை நோக்கிப் போற சமயத்துல இந்தம்மா நிலத்தை வாங்கி, வேலையை ஆரம்பிச்சு, 1925ல கும்பாபிஷேகம் பண்றாங்க. கையில இருந்த நகை நட்டு, சொத்து பெரும்பாலும் அதுலதான் போச்சு. அப்போ அங்க ஆராதனை நடத்தறதுல ரெண்டு கோஷ்டி, பெரிய கட்சி, சின்னக் கட்சின்னு. ரெண்டு கட்சிக்கும் எதுலயும் ஒத்துப்போகாது, ஒரு விஷயத்துல மட்டும் ஒத்துப்போச்சு, பொம்பளைங்க பாடக்கூடாது. நாதஸ்வரக்காரங்களை வைக்கறதுலயும் ஏகப்பட்ட சாதி வம்பு.

வேற யாராவது இருந்தா ஒண்ணு அழுதுட்டுப் போயிருப்பாங்க, இல்லாட்டி கட்டினதைப் பூட்டிட்டுப் போயிருப்பாங்க. இந்தம்மா பொம்பளைங்களைக் கூட்டி மூணாவதா ஒரு கட்சி ஆரம்பிச்சாங்க, பெண்கள் கட்சின்னே பேர். கோயிலுக்குப் பின்பக்கம் உக்காந்து அவங்க பாட்டுக்குப் பாட ஆரம்பிச்சாங்க. இடம் என் இடம், கோயில் என் காசு, பின்னாடி உக்காந்தா நீ யார் கேக்கறதுன்னு. எனக்கு இந்த "பின்பக்கம்"தான் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா முன்பக்கம் கிடைக்கற வரைக்கும் சும்மா இருக்கல பாருங்க. 1940களோட தொடக்கத்துலதான் எல்லாக் கட்சியும் ஒண்ணாகி, பொம்பளைங்களும் பாடலாம்னு ஆச்சு. உயில் எழுதும்போதும் மறக்காம எழுதி வச்சாங்க, பெண்களும் தேவதாசிகளும் அங்க வழிபடவும் பாடவும் எப்பவும் தடை இருக்கக்கூடாதுன்னு. 1952ல தவறிட்டாங்க. தியாகராஜர் சமாதியைப் பாத்த மாதிரியே அவங்க சமாதி இருக்கு.

இதைப் படிச்சப்போ எங்க ஊர்ல ஒரு கோயில்ல நடந்தது ஞாபகம் வந்துச்சு, எந்தக் கோயில்னு சொல்ல மாட்டேன், சொன்னா அடுத்த திருவிழாவுக்கு நான் போக முடியாது. அங்க தேவாரம் பாடிக்கிட்டிருந்த அக்காங்களை நிறுத்திட்டு ஊர்லருந்து வந்த பையன் ஒருத்தன்கிட்ட மைக்கைக் குடுத்தாங்க, அவனுக்கு அடி பாதியில மறந்து போச்சு, கீழ உக்காந்திருந்த அக்காங்கதான் எடுத்துக் குடுத்தாங்க. கமிட்டியில ஒருத்தர்கூட வெக்கப்பட்ட மாதிரி தெரியல.

அடுத்தது கே.பி.சுந்தராம்பாள். எங்க ஞாயித்துக்கிழமை வகுப்புல சின்னப் பிள்ளைங்களுக்கு ஆத்திசூடி சொல்லிக்குடுக்கறோம், இங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல முழுக்க பர்மியத்துல படிச்சிட்டு வருதுங்க, தமிழ் எழுத்துக் கூட்டறதே பெரும்பாடு. அவ்வையார்னு சொல்லி போன்ல ஒரு படம் எடுத்துக் காட்டினா வர்றது கே.பி.எஸ். முகம்தான். 1953ல ஜெமினி வாசன் எடுத்த அவ்வையார் படத்துக்கப்புறம் தமிழ்நாட்டுக்கே அவ்வை முகம் அதுதான்னு ஆயிடுச்சு. சங்ககாலத்துலருந்து எத்தனை அவ்வைங்க இருந்தாங்களோ, அத்தனை பேருக்கும் கொடுமுடிக்காரம்மா முகம் வந்து ஒட்டிக்கிச்சு. ஒரு பிள்ளை என்கிட்ட, டீச்சர் இவங்க போட்டோ எப்படி அந்தக் காலத்துல எடுத்தாங்கன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்வி.

கொடுமுடியில வறுமையான குடும்பம், சின்ன வயசுல ரயில்ல பாடிக் காசு வாங்கின பொண்ணுன்னு சொல்லுவாங்க. நாடகத்துக்கு வந்து, எஸ்.ஜி.கிட்டப்பாவோட ஜோடி சேர்ந்து நடிச்சு, அவரையே கட்டிக்கிட்டு (அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருந்துச்சு), 1933ல அவர் போயிட்டார். இந்தம்மாவுக்கு அப்போ இருபத்தஞ்சு வயசு. அன்னைலருந்து வெள்ளைப் புடவை, நெத்தியில திருநீறு, எந்த ஆம்பளைக்கும் ஜோடியா நடிக்க மாட்டேன்னு வைராக்கியம். இந்த வரைக்கும் எல்லாரும் கண்ணைத் தொடச்சுக்கிட்டு எழுதுவாங்க. எங்க அத்தையும் இந்த எடத்துல நிறுத்தி ஒரு பெருமூச்சு விடுவாங்க.

எனக்கு அதுக்கப்புறம் வர்றதுதான் முக்கியம். நந்தனார் படத்துக்குக் கூப்பிட்டப்போ நடிக்கவே இஷ்டமில்லாம, தொல்லை விட்டாப் போதும்னு லட்ச ரூபா குடுத்தா வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க சரின்னுட்டாங்க! 1935ல லட்ச ரூபா. ஜோடி வேணாம்னு சொன்ன பொம்பளை ஆம்பளை வேஷம் கட்டி, அதுவும் கோயிலுக்குள்ள விடாம வெளிய நிறுத்தின நந்தனார் வேஷம் கட்டி, அந்த நாள்ல யாரும் வாங்காத சம்பளம் வாங்கியிருக்கு. படம் சுமார்தான்னு சொல்லுவாங்க, அது கிடக்கட்டும். அந்தக் காசை அவங்க விட்டுடல. சொந்த ஊர்லயே தன் பேர்ல தியேட்டர் கட்டினாங்க. காங்கிரஸ் மேடைல பாடினாங்க, 1950கள்ல மெட்ராஸ் சட்ட மேலவைக்குப் போனாங்க, சினிமாவுலருந்து சட்டசபைக்குப் போன முதல் ஆள் இந்தியாவுலயே அவங்கதான்னு சொல்றாங்க. பின்னால வந்த முதலமைச்சருங்க கதை எல்லாம் தெரிஞ்ச நமக்கு, அந்த வரிசைக்கு முன்னாடி நின்னது ஒரு வெள்ளைப்புடவைக்காரம்மான்னு ஞாபகமே இருக்கறதில்ல. துணைவன் படத்துப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970ல பத்மஸ்ரீ.

ஆம்பளை வேஷம்னதும் இன்னொண்ணு. எம்.எஸ்.சுப்புலட்சுமியும் 1941ல சாவித்திரி படத்துல நாரதர் வேஷம் போட்டாங்க. அந்தச் சம்பளத்துலதான் கல்கி பத்திரிகை ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டுப் பரண்ல இருந்த பழைய கல்கி எல்லாம் எம்.எஸ். நாரதரா தம்பூராவைத் தூக்கிக்கிட்டு நடந்த காசுல முளைச்சதுன்னு தெரிஞ்சப்போ எனக்கு சிரிப்பு வந்துச்சு. ஐ.நா. சபையில பாடினது, 1998ல பாரத ரத்னா வாங்கினது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். மியூசிக் அகாதமி சங்கீத கலாநிதி பட்டத்தை ஒரு பொம்பளைக்குக் குடுக்கறதுக்கு 1968 வரைக்கும் ஆச்சுங்கறதை மட்டும் சொல்லிட்டுப் போறேன், அது எம்.எஸ்.ஸுக்குத்தான்.

நாட்டியத்துல ரெண்டு பேரை எடுத்துப் பாத்தா இந்த பட்டா விஷயம் இன்னும் பளிச்சுன்னு தெரியும். ருக்மிணி தேவி 1936ல கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியை ஆரம்பிச்சாங்க. அதுக்கு இடம் இருக்கு, கட்டடம் இருக்கு, இப்போ பார்லிமென்ட் சட்டமே இருக்கு. மிருகவதைக்கு எதிரா 1960ல வந்த சட்டத்துக்குப் பின்னாடியும் அவங்கதான், ராஜ்யசபாவுல அதுக்காகப் போராடியிருக்காங்க. இன்னொரு பக்கம் பாலசரஸ்வதி. வீணை தனம்மாள் பேத்தி, ஏழு வயசுல காஞ்சிபுரத்துல அரங்கேற்றம், சத்யஜித் ராய் தேடி வந்து படம் எடுத்தார், அமெரிக்காவுல போய்ச் சொல்லிக்குடுத்தாங்க, 1973ல சங்கீத கலாநிதி. ஆனா அவங்க பாணியைத் தேடினா மகள், பேரன், அப்புறம் அங்கங்க சிதறின சிஷ்யைங்கன்னுதான் போகணும். இதுல யார் உசத்தின்னு இன்னைக்கும் மெட்ராஸ்ல சண்டை போட ஆள் இருக்கு, அந்தச் சண்டைக்கு நான் வரல. சதிர் ஆடறது கேவலம்னு சொல்லி ஒரு சாதியைக் கோயில்லருந்து இறக்கிட்டு, அதே ஆட்டம் பரதநாட்டியம்னு வேற பேர்ல வேற வீட்டுப் பொண்ணுங்களுக்கு மரியாதையா ஆனப்போ, கையில ஆட்டம் மட்டும் வச்சிருந்தவங்களும் கையில ஆட்டமும் நிலமும் வச்சிருந்தவங்களும் ஒரே மாதிரி மிஞ்சலங்கறதுதான் நான் சொல்ல வர்றது. நான் யாங்கூன்காரி, எனக்கு இது நல்லாவே புரியுது.

இங்கத்துக்காரங்க ஒருத்தரைப் பத்தியும் சொல்லணும். பக்கத்து ஃபிளாட்டுல ஒரு ரிட்டயர்டு சயாமா, அதாவது டீச்சரம்மா, இருக்காங்க, சாயங்காலம் வெத்தலைத்தட்டை வச்சுக்கிட்டு பேச உக்காருவாங்க, நான் நாகரத்தினம்மா கதையைச் சொன்னதும் அவங்க உடனே "எங்க அமேயைப் பத்தி உனக்குத் தெரியாதா"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. அமேன்னா பர்மியத்துல அம்மா. லூடு டோ அமா, மாந்தலேக்காரங்க, 1915ல பொறந்து 2008 வரைக்கும் இருந்தவங்க. புருஷன் லூடு ஊ ஹ்லாவோட சேர்ந்து லூடு பத்திரிகையும் அச்சகமும் நடத்தினாங்க. சுதந்திரம் வந்த கையோட நடந்த உள்நாட்டுச் சண்டையில அரசாங்கப் பட்டாளம் அவங்க அச்சகத்தை வெடி வச்சே தகர்த்துடுச்சு. வீட்டாளுங்களை வெளிய இழுத்து நிறுத்திச் சுடப் போனப்போ அக்கம்பக்கத்து ஜனமும் பொங்கிமாரும் (புத்த பிக்குங்க) வந்து தடுத்திருக்காங்க. அப்புறம் புருஷன் ஜெயில், அப்புறம் பிள்ளை ஜெயில், 1978ல அவங்களே ஜெயில். பத்திரிகையை 1967ல மூட வச்சாங்க.

இவ்வளவுக்கும் நடுவுல அந்தம்மா உக்காந்து எழுதினது என்ன தெரியுமா, பர்மிய நாடக மேடையில ஆடினவங்க, பாடினவங்க, வாத்தியம் வாசிச்சவங்க வாழ்க்கையை. ஜனங்க நேசிச்ச கலைஞர்களைப் பத்தின அந்தப் புத்தகத்துக்கு 1964ல தேசிய இலக்கியப் பரிசு கிடைச்சது. வருஷத்தைப் பாருங்க. எங்க வீட்டுல செல்லாத நோட்டை எண்ணிக்கிட்டு இருந்த அதே வருஷம். ஒரு பக்கம் கூத்தாடிங்கன்னு யாரும் சீண்டாத ஆளுங்களைப் பேர் பேரா எழுதி வைக்கறாங்க, இன்னொரு பக்கம் எங்க ஆளுங்க பேரை ரெஜிஸ்டர்லருந்து அடிச்சுக்கிட்டு இருக்காங்க. சயாமாகிட்ட இதைச் சொன்னேன், அவங்க ஒண்ணும் பேசாம வெத்தலையை மென்னுக்கிட்டு, அப்புறம் "உங்க ஆளுங்களைப் பத்தி எழுத உங்கள்ல யாரும் இல்லையா"ன்னு கேட்டாங்க. சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா தப்பா கேக்கல.

எங்க அத்தைன்னு மேல சொன்னேனே, அவங்க தமிழ்ப் பள்ளிக்கூடம் மூடினப்புறம் வீட்டு முன்ரூம்லயே தெரு பிள்ளைங்களை உக்கார வச்சு தேவாரம், திருப்புகழ் எல்லாம் சொல்லிக்குடுத்தவங்க. காசு வாங்கல, வாங்கியிருக்கணும்னு இப்போ எனக்குத் தோணுது. ஸ்லேட்டு உடைஞ்சா பழைய காலண்டர் பின்பக்கம்தான் எழுதணும். திருப்புகழ் சந்தம் பிள்ளைங்களுக்கு வரலைன்னா மேசையில விரலால தட்டுவாங்க, மோதிரம் பட்டு பட்டு அந்த மேசையில ஒரு ஓரமே தேஞ்சு குழியாயிருக்கும். ராகத்துக்குப் பேரெல்லாம் அவங்களுக்குத் தெரியாது, இதை அழற மாதிரி இழு, இதைக் கூப்பிடற மாதிரி எடு, அவ்வளவுதான் பாடம். இன்னைக்கு யாங்கூன்ல கோயில் வகுப்புல சொல்லிக்குடுக்கற ரெண்டு மூணு பேர் அவங்ககிட்ட படிச்சவங்கதான். ஆனா எந்தக் கோயில் பலகையிலயும் அவங்க பேர் கிடையாது. பலகையில ட்யூப்லைட் வாங்கிக் குடுத்தவங்க பேர்கூட இருக்கு, ட்யூப்லைட் மேலயே எழுதியிருக்கு.

அதனால இப்போ நான் ஒரு வேலை பண்ணிக்கிட்டு இருக்கேன், பெருசா ஒண்ணும் இல்ல, போன்ல பாட்டுப் பதிவு பண்றேன். சிரியம் பக்கத்துல ஒரு ஆயா இருக்காங்க, வயல்வேலை பாத்தவங்க, எண்பது தாண்டியாச்சு, தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எல்லாம் வச்சிருக்காங்க. அவங்க ஒப்பாரியில கப்பல் வருது, ஐராவதி வருது, ஊருக்குப் போறேன்னு போய் கடிதாசியே போடாத அண்ணன் வர்றார். தமிழ்நாட்டு ஒப்பாரியில மாமன் வீட்டுச் சீர் வர்ற எடத்துல இவங்க நெல்லு மில்லு வச்சிருக்காங்க, செத்தவர் மில்லுல வேலை பாத்தவராம். ஆள் மாறினா அந்த வரியை அப்படியே மாத்திக் கட்டிடுவாங்க, மீன்காரர் செத்தா மில்லு இருந்த எடத்துல படகு வந்துடும், இழுவை மட்டும் மாறாது. எழுதப் படிக்கத் தெரியாது. பொங்கலன்னைக்குப் பாடுங்கன்னதுக்கு, வாயில அடி, நல்ல நாளும் அதுவுமா யாராச்சும் ஒப்பாரி வைப்பாங்களா தாயின்னு திட்டிட்டாங்க. வீட்டுக்குள்ளயும் பாட மாட்டேன்னுட்டாங்க. வேற ஒரு நாள், வாசல்ல திண்ணையில வச்சு எடுத்தோம், மோட்டார் சைக்கிள் சத்தம், கோழி சத்தம் எல்லாம் சேர்ந்து விழுந்திருக்கு. எடுத்து முடிச்சதும் பதிவுக்கு என்ன பேர் போடட்டும்னு கேட்டேன். அவங்க மருமகப்பிள்ளை முந்திக்கிட்டு இன்னார் சம்சாரம்னு போடுங்கன்னார். ஆயா அவரைப் பாத்து, ஏன் உங்க மாமனாரா பாடினாருன்னாங்க. அவங்க சொந்தப் பேர்தான் போட்டிருக்கேன்.

அடுத்து பகோ பக்கம் போகணும். அங்க ஒரு அக்காகிட்ட பழைய கும்மிப்பாட்டு நிறைய இருக்காம். ஆள் விட்டுக் கேட்டதுக்கு, பாடறேன், ஆனா எவ்வளவு குடுப்பீங்கன்னு முதல்ல சொல்லுங்கன்னு பதில் வந்திருக்கு. கூட வர்ற தம்பி மூஞ்சியைச் சுளிச்சான், கலைக்கெல்லாம் காசு கேக்கலாமாக்கான்னு. நந்தனாருக்கு லட்ச ரூபா கேட்டவங்களைப் பத்தி அவனுக்கு இன்னும் நான் சொல்லல. எவ்வளவு வேணும்னு கேட்டுச் சொல்லுடான்னு அனுப்பியிருக்கேன்.